ஒட்டுமில்லை உறவுமில்லை: காரியாபட்டிக்கு ஒரு ரிக்ரெஷன் பாடம்

2018-ஆம் வருஷம் விருதுநகர் மாவட்டத்துக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்தன.

ஜனவரியில் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. (பின்தங்கிய மாவட்டம் என்றால் மனசு கஷ்டப்படும் என்று கண்டுபிடித்த பெயர் போல.) தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பிடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று ராமநாதபுரம், இன்னொன்று விருதுநகர். நாலு மாசம் கழித்து, மே 16-ஆம் தேதி, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதல் இடம் எது? அதே விருதுநகர். 97 சதவீதம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பஸ்ஸில், காரியாபட்டியில் ஏறுகிற ஒரு பி.காம் மாணவனிடம் இந்த இரண்டு செய்தியையும் கொடுத்து "இதில் எது உண்மை?" என்று கேட்டால் என்ன சொல்வான்? முதலாவது அரசியல், இரண்டாவது உழைப்பு என்பான். அல்லது இரண்டுமே கப்ஸா என்பான். இத்தனைக்கும் அவன் பையில் இருக்கிற புள்ளியியல் புத்தகத்தில் இந்தக் கேள்வியைப் பிரித்து மேய்வதற்கு வேண்டிய கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்குப் பெயர் ரிக்ரெஷன். பரீட்சையில் பத்து மார்க். ஆனால் அந்தப் பத்து மார்க்குக்கும் அவனுடைய மாவட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். விலைக்கு எக்ஸ், தேவைக்கு ஒய். ஐந்து ஜோடி எண்கள். கூட்டு, சராசரி எடு, கழி, வர்க்கப்படுத்து, பெருக்கு, வகு. எக்ஸ் மேல் ஒய்க்கு ஒரு கோடு, ஒய் மேல் எக்ஸுக்கு ஒரு கோடு. இரண்டு கெழுக்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழு வந்துவிடும். வந்துவிட்டால் விடை சரி, அடிக்கோடு போட்டு அடுத்த கணக்கு. விலை ஏன் 10, தேவை ஏன் 40, எந்த ஊர்க் கடையில், யார் போய் எண்ணினார்கள்? அதெல்லாம் சிலபஸில் இல்லை.

இந்த 'ஒட்டுறவு' என்ற சொல் அருமையான சொல். தமிழ்வழிப் பாடப்புத்தகத்தில் கோரிலேஷனுக்கு இதைத்தான் போட்டிருக்கிறார்கள். ரிக்ரெஷனுக்குத் 'தொடர்புப் போக்கு'. ஊர்ப்பக்கம் சண்டை போட்டுக்கொண்டவர்கள் "உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று சொல்வார்கள் இல்லையா? அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒட்டு வேறு, உறவு வேறு. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் உறவாகிவிடாது. பரீட்சைத்தாளில் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதினாலும், மண்டைக்குள் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ரிக்ரெஷன் என்ற பெயர் எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 205 தம்பதிகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் வைத்து ஆராய்ந்தார். நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான பிள்ளைகள்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. குட்டையான பெற்றோருக்குக் குட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் அவ்வளவு குட்டை இல்லை. சராசரியிலிருந்து பெற்றோர் எவ்வளவு விலகி இருந்தார்களோ, அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் தெரிந்தது. இந்தச் 'சராசரியை நோக்கித் திரும்புதல்' என்பதற்கு அவர் வைத்த பெயர்தான் ரிக்ரெஷன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விருதுநகருக்கு இது பின்னால் தேவைப்படும்.

கால்டன் உயரத்தை அளந்தார். அதே கோட்டை வறுமையின் மேல் முதலில் போட்டுப் பார்த்தவர் உட்னி யூல். 1899-இல். இங்கிலாந்தில் அப்போது ஏழைகளுக்கு அரசு உதவி இரண்டு வழிகளில் கிடைத்தது. ஒன்று, வேலை இல்லத்துக்குள் போய் அடைந்துகொள்ள வேண்டும். இரண்டு, வீட்டில் இருந்தபடியே வாங்கலாம். வீட்டிலேயே உதவி கொடுத்தால் சோம்பேறிகள் பெருகிவிடுவார்கள் என்று ஒரு கட்சி. இல்லை என்று இன்னொரு கட்சி. (இலவசம் பற்றி டீக்கடையில் நடக்கிற அதே சண்டைதான். 1899-லும் அதே வசனம்!) யூல் என்ன செய்தார் என்றால், 1871, 1881, 1891 ஆகிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டுகளின் எண்களை வட்டாரம் வட்டாரமாக எடுத்து, உதவி பெறுகிற ஏழைகளின் எண்ணிக்கை ஏன் கூடுகிறது, குறைகிறது என்று கணக்குப் போட்டார். வீட்டு உதவியின் அளவு மட்டும் போதாது, முதியவர்களின் பங்கையும் மக்கள்தொகை மாற்றத்தையும் கூடவே சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே சமன்பாட்டில் பல காரணிகள். இன்று மல்டிபிள் ரிக்ரெஷன் என்று ஆய்வேடுகள் எல்லாம் போடுகிற பந்தல் இதுதான்.

கட்டுரையின் முடிவு வீட்டு உதவி கூடியதால் ஏழைகள் கூடினார்கள் என்கிற பக்கம் சாய்ந்தது. ஆனால் அடியில் ஒரு சின்னக் குறிப்பு வைத்தார். 'இதனால்' என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம், கறாராகப் பார்த்தால், 'இதனோடு சேர்ந்து' என்று வாசிக்க வேண்டும் என்கிற பொருளில். முழுக் கட்டுரையையும் அந்த ஒரு அடிக்குறிப்பு ஆட்டம் காண வைத்துவிடுகிறது. நூற்றி இருபது வருஷம் தாண்டியும் சமூக அறிவியலில் ரிக்ரெஷன் போடுகிறவர்கள் அந்த அடிக்குறிப்பைத் தாண்டப் படாத பாடு படுகிறார்கள் என்பதுதான் நிஜம்.

சரி, இங்கிலாந்தை விடுங்கள். காரியாபட்டி, திருச்சுழி பக்கத்துக்கு வாருங்கள்.

குண்டாறு இருக்கிறது, பெரும்பாலான மாசம் மணல்தான் ஓடும். கண்மாய்கள் இருக்கின்றன, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் அதுவும் மைதானம். ஒரு பக்கம் கரிசல், ஒரு பக்கம் செம்மண். கிணறு உள்ளவன் ஒரு சாதி, மானாவாரிக்காரன் ஒரு சாதி என்று சொல்லலாம் அளவுக்கு வித்தியாசம்.

இந்தப் பூமியில் ஒருவர் ஆய்வு செய்ய வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி: சின்னக் காட்டுக்காரனுக்கு ஏக்கருக்கு விளைச்சல் அதிகமா, பெரிய காட்டுக்காரனுக்கு அதிகமா? இருபது காடுகளைப் பார்க்கிறார். பத்து காடுகள் ஒரு ஏக்கர், பத்து காடுகள் ஐந்து ஏக்கர். எல்லாரும் பருத்தி. (எண்கள் எல்லாம் கற்பனை, கணக்குக்காக மட்டும்.) ஒரு ஏக்கர்க் காடுகள் பத்தில் எட்டில் கிணறு இருக்கிறது, இரண்டில் இல்லை. ஐந்து ஏக்கர்க் காடுகளில் தலைகீழ். இரண்டில் கிணறு, எட்டு மானாவாரி. கிணறு இருந்தால் ஏக்கருக்குப் பத்து குவிண்டால், இல்லாவிட்டால் நாலு குவிண்டால். காடு சின்னதோ பெரியதோ, அதே அளவுதான்.

கிணற்றைப் பற்றிக் கேட்காமல் ஆய்வாளர் காட்டின் அளவையும் விளைச்சலையும் மட்டும் குறித்துக்கொண்டு போகிறார். சின்னக் காடுகளின் சராசரி 8.8 குவிண்டால். பெரிய காடுகளின் சராசரி 5.2 குவிண்டால். வித்தியாசம் 3.6, அதை நாலு ஏக்கர் வித்தியாசத்தால் வகுத்தால் 0.9. ஆக, காடு ஒரு ஏக்கர் பெரிதானால் ஏக்கருக்கு 90 கிலோ விளைச்சல் குறையும் என்று கணினி அழகாகச் சொல்லும். பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டுக் கொடுக்கும்.

இப்போது 'கிணறு உண்டா' என்று ஒரே ஒரு பத்தி சேர்க்க வேண்டும். உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. இதைத்தான் டம்மி வேரியபிள் என்கிறார்கள். பெயர் டம்மியே தவிர வேலை டம்மி இல்லை. மறுபடி ரிக்ரெஷன் போட்டால் கிணற்றின் கெழு ஆறு குவிண்டால். காட்டு அளவின் கெழு? பூஜ்யம். 90 கிலோ மாயமாகிவிட்டது. அது காட்டின் குணமாக ஒருநாளும் இருந்ததில்லை, தண்ணீரின் குணம் காட்டின் பெயரில் பட்டா வாங்கி உட்கார்ந்திருந்தது.

இதில் இன்னொரு கொடுமையும் நடக்கலாம். சின்னக் காடு எல்லாவற்றிலும் கிணறு, பெரிய காடு எதிலுமே இல்லை என்று அமைந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. எது தண்ணீர், எது அளவு என்று சொல்ல அந்தத் தரவில் வழியே கிடையாது. மல்டிகொலினியாரிட்டி என்று பத்து எழுத்தில் மிரட்டுகிற சமாச்சாரத்தின் உச்சம் இவ்வளவுதான். அப்போது செய்ய வேண்டியது கணினி முன் உட்காருவது அல்ல. கிணறு இல்லாத சின்னக் காடும், கிணறு உள்ள பெரிய காடும் பக்கத்து ஊரில் எங்காவது இருக்கிறதா என்று வெயிலில் தேடிப் போவது.

இது ஏதோ விளையாட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தியப் பொருளாதாரத்தில் பெரிய சண்டைகளில் ஒன்று இதுதான். 1950-களில் அரசு நடத்திய பண்ணை மேலாண்மை ஆய்வுகளின் எண்களை வைத்து (மதராஸ் மாநிலத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களும் அதில் உண்டு) 1962-இல் அமர்த்தியா சென் ஒரு கட்டுரை எழுதினார். நிலத்தின் அளவு கூடக் கூட ஏக்கருக்கு விளைச்சல் குறைகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்ன விளக்கம் குடும்ப உழைப்பு. சின்ன விவசாயி தன் வீட்டு ஆட்களை வைத்து உழைக்கிறான், வெளியே வேலை கிடைக்காதபோது கூலிக் கணக்குப் பார்க்காமல் காட்டிலேயே கிடக்கிறான். பெரிய விவசாயி ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், கட்டுப்படியாகிற வரைதான் ஆள் விடுவான். நிலச்சீர்திருத்தம் பேசியவர்களுக்கு இது பெரிய ஆயுதம். உச்சவரம்பு போட்டுப் பிரித்துக் கொடுத்தால் நியாயமும் ஆச்சு, விளைச்சலும் ஆச்சு!

பிறகு 1988-இல் பல்லா, ராய் இருவரும் மண்ணின் தரத்தைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பல இடங்களில் அந்தத் தலைகீழ் உறவு பலவீனமானது, சில இடங்களில் காணாமலே போனது. நல்ல மண் உள்ள இடத்தில் ஜனம் நெருக்கமாகக் குடியேறும், பங்காளிகள் பிரித்துப் பிரித்துக் காடு சின்னதாகும். கெட்ட மண்ணில் ஆளுக்கு இருபது ஏக்கர் இருந்தாலும் கேட்பாரில்லை. இதைத் திருச்சுழிப் பக்கம் எந்தப் பெரியவரிடம் சொன்னாலும் "இதுக்கா தம்பி இவ்வளவு படிப்பு?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு திருத்தம். அவருக்கு மண் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. சென் சொன்ன உழைப்பில் எவ்வளவு பங்கு, மண்ணில் எவ்வளவு பங்கு என்பதற்கு வாய்ச்சொல் போதாது. நிலம் பிரிப்பதா வேண்டாமா என்று ஒரு சட்டமே அந்தப் பங்கைப் பொறுத்து நிற்கிறபோது, அளவு முக்கியம்.

அடுத்தது சீமைக்கருவேலம். அதைப் பேசாமல் இந்தப் பூமியைப் பேச முடியாது. கருவேலம் மண்டிக் கிடக்கிற ஊர்களில்தான் ஜனங்கள் பிழைப்புத் தேடி வெளியே போயிருக்கிறார்கள் என்று ஒருவர் புள்ளிகளைக் குறித்துக் காட்டினால் உடனே தலையாட்டத் தோன்றும். எக்ஸ் கருவேலம், ஒய் ஊரை விட்டுப் போதல். ஆனால் கோட்டைத் திருப்பிப் போட்டாலும் அதே ஒட்டுறவுதான் வரும். ஆள் போனதால் காடு தரிசானது, தரிசானதால் கருவேலம் வந்தது என்பதும் அதே புள்ளிகளோடு பொருந்தும். மழை பொய்த்ததால் இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பதும் பொருந்தும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை வெட்டி அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது, மாவட்டம் மாவட்டமாக வெட்டினார்கள். அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது. அந்த நேரத்தில் மேடைக்கு மேடை சொல்லப்பட்ட காரணங்களில் பாதி, திருப்பிப் போட்டுப் பார்க்காத கோடுகள். கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் பஞ்ச காலத்தில் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது என்பதும் தரவுதான். ஆனால் அந்தப் பத்தி யாருடைய படிவத்திலும் இல்லை.

இனி 2018-க்குத் திரும்பலாம்.

முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு நிதி ஆயோக் ஒரு மதிப்பெண் முறை வைத்தது. 49 குறியீடுகள். உடல்நலம், ஊட்டச்சத்துக்கு 30 சதவீதம், கல்விக்கு 30, விவசாயம், நீர்வளத்துக்கு 20, நிதிச் சேவை, திறன் பயிற்சிக்கு 10, அடிப்படை வசதிக்கு 10. இந்த 30-ம் 20-ம் எந்த ரிக்ரெஷனிலிருந்தும் வந்தவை அல்ல, உட்கார்ந்து பேசி முடிவு செய்தவை. அது தப்பில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மானாவாரிப் பூமியில் தண்ணீருக்கு 40 போட்டிருந்தால் வரிசையே வேறு மாதிரி வந்திருக்கலாம்.

அப்புறம் யார் வேகமாக முன்னேறுகிறார்கள் என்று ஒரு வரிசை. 2018 ஏப்ரல், மே மாசங்களுக்கான முதல் வரிசையில் ராமநாதபுரம் மூன்றாவது. ஜூன் முதல் அக்டோபர் வரைக்கான இரண்டாவது வரிசையில், நாட்டிலேயே முதலிடம் விருதுநகர்! டிசம்பர் கடைசியில் செய்தி வந்தபோது சந்தோஷம்தான், யாருக்குத்தான் இருக்காது?

கால்டன் மட்டும் இந்தச் சந்தோஷத்தில் சேரமாட்டார். ஏதாவது ஒரு அளவில் கீழே கிடப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கொஞ்ச நாள் கழித்து மறுபடி அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரியாகக் கொஞ்சம் மேலே வந்திருப்பார்கள். முதல் அளவில் கொஞ்சம் துரதிர்ஷ்டம், கொஞ்சம் கணக்குப் பிழை, கொஞ்சம் மோசமான வருஷம் எல்லாம் கலந்திருக்கும். அடுத்த முறை அதெல்லாம் அப்படியே திரும்ப வராது. கடைசி பெஞ்ச் மாணவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்து மார்க் ஏறிவிட்டது என்று பெருமைப்படுகிற எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அப்படியென்றால் கலெக்டர் ஆபீஸிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உழைத்தவர்கள் உழைப்பெல்லாம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. எவ்வளவு உழைப்பால் வந்தது, எவ்வளவு தானாகத் திரும்பியது என்று பிரிக்க, ஏறக்குறைய அதே நிலையில் இருந்தும் பட்டியலில் சேராத இன்னொரு மாவட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் மாற்றத்தையும் ஒப்பிட வேண்டும். வரிசைப் பட்டியல் அதைச் செய்வதில்லை, சேர்ந்தவர்களுக்குள்ளேயே ஓட்டப்பந்தயம் வைக்கிறது.

ப்ளஸ் டூ 97 சதவீதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. அது பரீட்சை எழுதியவர்களில் 97. பத்தாவதோடு பட்டாசுக்கோ மில்லுக்கோ போனவர்கள் பகுதியிலேயே இல்லை. பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் சதவீதத்தைக் கொண்டாடக்கூடாது. அதற்காக அந்த ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, 'விருதுநகர் மாவட்டம்' என்பது யார்? மேற்கே மலையடிவாரத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். நடுவில் சிவகாசி. கிழக்கே காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி. இதையெல்லாம் ஒரு சராசரியில் போட்டு ஆட்டினால் வருகிற எண், மூன்றில் எந்த ஊரின் முகமும் இல்லை. 1950-இல் ராபின்சன் என்ற அமெரிக்கர் இதை ஒரு அடியில் போட்டு உடைத்தார். 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, ஒட்டுறவு சுமார் -0.53. அதே கணக்கெடுப்பைத் தனி ஆள் அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை கொஞ்சம் அதிகம், +0.12. குறியே மாறிவிட்டது! வந்தேறியவர்கள் எழுத்தறிவு அதிகமுள்ள மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள், அவ்வளவுதான். மாவட்ட எண்ணை வைத்து மனுஷனைப் பேசுகிறவர்கள் இந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசலாம். 2023-இல் மத்திய அரசே மாவட்டத்தை விட்டு இறங்கி 500 வட்டாரங்களுக்கு இதே மாதிரி தனித் திட்டம் தொடங்கியது நினைவிருக்கலாம்.

இன்னும் கீழே இறங்க முடியுமா என்றால், முடியும். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இறங்கியிருக்கிறார்கள். அதுவும் மாணவர்கள். கில்பர்ட் ஸ்லேட்டர் மதராஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக வந்ததும், 1916 வாக்கில், தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். பல மாணவர்கள் விடுமுறைக்குப் போன சொந்த ஊரையே எடுத்துக்கொண்டார்கள். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் வடமலைபுரம், அன்றைய ராமநாதபுரம் ஜில்லா, இன்றைய விருதுநகர் மாவட்டம். 1936-37-இல் பி.ஜே.தாமஸ், ராமகிருஷ்ணன் மேற்பார்வையில் அதே ஊர்களுக்கு மறுபடி போய் என்ன மாறியது என்று எழுதினார்கள். பின்னாலும் பலர் போனார்கள். ஸ்லேட்டரின் மாணவர்களிடம் கணினி இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. யார் வீட்டில் எத்தனை மாடு, எவ்வளவு கடன், எந்த நிலம் யாரிடம் அடமானம் என்று எழுதி வைத்தார்கள். அந்த எண்களுக்கு இன்றும் மரியாதை.

இன்றைய பி.காம் ப்ராஜெக்டோ 'வாடிக்கையாளர் திருப்தி'. ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடிக்கிற நூறு படிவம், அதில் அறுபது ஹாஸ்டல் ரூமிலேயே நிரம்பும். அதன் மேல் ரிக்ரெஷன், ஐந்து சதவீத மட்டத்தில் சிக்னிஃபிகண்ட், பைண்டிங், சப்மிட். சம்பந்தமே இல்லாத இருபது காரணிகளைப் போட்டுப் பார்த்தால் சராசரியாக ஒன்று தற்செயலாக அந்த ஐந்து சதவீதத்தில் மாட்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. விளக்கத் திறன் 0.25 வந்தால் மட்டும் முகம் வாடிப்போகும். மனுஷர்களைப் பற்றிய தரவில் கால்வாசி விளங்கினாலே நல்ல காரியம்தான். 0.98 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் :-)

காரியாபட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை ஊரில் நூறு வீடு இருக்கும். ஒரு கோடை விடுமுறை போதும். எத்தனை ஏக்கர், கிணறு உண்டா, எத்தனை அடியில் தண்ணீர், கரிசலா செம்மண்ணா, வெளியூரில் எத்தனை பேர், மாசம் எவ்வளவு அனுப்புகிறார்கள், வட்டிக்கு எவ்வளவு வாங்கியிருக்கிறது, பெண்பிள்ளை எத்தனாவது வரை படித்தாள். கணக்குப் போட எக்ஸெல் போதும், ஆர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கோடு போட்ட பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எச்சம் மிஞ்சும், அதாவது கோடு சொன்னதற்கும் வீட்டில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பட்டியலை எச்சத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தி, மேலே இருக்கிற ஐந்து வீட்டுக்கும் கீழே இருக்கிற ஐந்து வீட்டுக்கும் மறுபடி நடந்து போக வேண்டும். கிணறும் இல்லை, வெளியூர்க் காசும் இல்லை, ஆனாலும் மூத்த மகள் காலேஜ் போகிறாள் என்றால், அந்த வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எப்படி என்று கேட்க வேண்டும்.